சோறு எப்ப வரும்?

அஞ்சுகிராமம்,
டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் எபிசனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். பிரிஜாவும் சுகமாக இருக்கிறாள். அவளை தினமும் கண்ணால் பார்க்கிறவள் நான்தான் என்பதால் இதை நீ நம்பலாம்.

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இரண்டு தடவை கேட்டேன். "மாசமா இருக்க பிள்ளைக்கு மத்தியானம் சோறு போடாம என்னத்தையோ புல்லை வதக்கிக் குடுக்குதியளாமே" என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் ஜெஸ்பின் வண்டி கொண்டு வருவான், பிரிஜாவை அருமனையில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டிருந்தாய். பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தீர்ப்புச் சொல்ல நீ எங்கே படித்தாய் என்று தெரியவில்லை. எங்கள் கான்வென்டில் பென்சில் திருடியவளைக்கூட சிஸ்டர் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் முட்டுப்போடச் சொல்வார்.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன். நம் தெரு எட்சன் நாளை குவைத்துக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். ஞாயிறுக்கு முன்னால் முழுவதும் படி.

முதலில் அந்தப் புல்லைப் பற்றி. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் பிரிஜாவுக்கு கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொன்னது உனக்குத் தெரியும். டயட்டீஷியன் எழுதித்தந்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. காலையில் இரண்டு சப்பாத்தி, ராத்திரி அளந்து ஒரு கப் சோறு, இடையில் சுண்டல், மோர் எல்லாம் உண்டு. மதியம் மட்டும் மாவுச்சத்து குறைவு, அதனால் சோறு கிடையாது. பட்டினி என்று உன் காதில் போட்டவர்கள் அந்தத் தாளைப் படித்தார்களா?

சிங்கப்பூரில் நர்ஸாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சீனக் கிழவியின் கடையில் நூடுல்ஸ் சாப்பிடுவாளாம் உன் மனைவி. இப்போது வாய்க்கு அதுதான் கேட்கிறது. எனக்கு ஆசையாக இருக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொன்னது இந்த ஏழு மாதத்தில் இது ஒன்றுதான். கடை நூடுல்ஸ் மைதா. கொடுக்கக் கூடாது. அதற்காக இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார நான் லாயக்கில்லாதவள் அல்ல.

முதலில் ஆன்லைனில் ஒரு பாக்கெட் வரவழைத்தாள். கிழங்கில் செய்த நூடுல்ஸ், சர்க்கரை ஏறாது என்று போட்டிருந்தது. பிரித்தால் குளச்சல் கடற்கரை மீன் வாடை. அட்டையில் இருந்த கிழங்கின் படம் நம் சேனைக்கு ஒன்றுவிட்ட தம்பி போல இருந்தது. சேனை என்றால் வாய் காறுமே என்று நான் அரைமணி நேரம் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். பாக்கெட்டில் வெறும் தண்ணீரில் அலசினால் போதும் என்றுதான் இருந்தது. அதைப் படித்தும் நம்பவில்லை. மீன் குழம்பில் விழுந்த ரப்பர் பாண்ட் போல வந்தது. பிரிஜா ஒரு வாய் வைத்துவிட்டுச் சிரித்தாள். "மாமி, இது சிங்கப்பூர் இல்ல, தேங்காய்ப்பட்டணம்" என்றாள். அவள் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த ஒன்றரை வருடக் கணக்கு உனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு பாக்கெட்டை விட்டேன். முட்டையில் உப்பு மட்டும் போட்டு அடித்து, தோசைக்கல்லில் தாள் போல ஊற்றி எடுத்து, சுருட்டி, நூலாக நறுக்குகிறேன். முட்டைக்கோஸையும் அதே பருமனில் நறுக்க வேண்டும். தடித்தால் பொரியல் ஆகிவிடும். இரும்புச் சட்டி புகையும் வரை காய வேண்டும். நான் ஐம்பது வருடம் சிறு தீயில் சமைத்தவள். "தீயைக் கூட்டுங்கோ மாமி, இன்னும் கூட்டுங்கோ" என்று பிரிஜா பின்னால் நின்று விரட்டுவாள். தேங்காய் எண்ணெய், பூண்டு, இஞ்சி, கணவாய் மீன் துண்டு, பிறகு கோஸ், கடைசியில் முட்டை நூல். சோயா சாஸ் அரை ஸ்பூன். சீனக் கிழவி ஊற்றும் மீன் சாஸுக்குப் பதில், நெத்தலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீர் இரண்டு ஸ்பூன். அந்த வாசனைக்கு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை நூற்றுப் பத்து. டாக்டர் என்னைப் பார்த்து "யார் சமைக்கிறது?" என்று கேட்டார். இதற்குத்தான் அருமனையில் புல் என்று பெயர்.

இனி சனிக்கிழமை நடந்தது. உன் மாமியார் லீலாபாய் பதினோரு பேரோடு ஏழாம் மாதப் பலகாரம் கொண்டுவந்தாள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், ஏழு தாம்பாளம். நான் வரவேற்றேன். ஜெபம் முடிந்து எல்லாரையும் உட்காரவைத்து இதே நூடுல்ஸைப் பரிமாறினேன். பிரிஜாவுக்கு என்ன உண்டோ அதுதான் மேஜையில் எல்லாருக்கும். அவள் பார்க்கப் பார்க்க மற்றவர்கள் சோறும் பாயசமும் சாப்பிடுவது நியாயமா?

அவர்கள் அதைத் தொட்டுக்கொள்ள வைத்தது என்று நினைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு கரண்டி ஓரமாக ஒதுக்கி வைத்து, தட்டின் நடுவைக் காலியாக விட்டுக் காத்திருந்தார்கள். கால்மணி நேரம். பிரிஜாவின் பெரியப்பாதான் கடைசியில் தொண்டையைக் கனைத்து, "மைனி, கூட்டு கொள்ளாம், நல்ல ருசி. சோறு எப்ப வரும்?" என்று கேட்டார். வராது என்றேன். ஓரத்தில் ஒதுக்கியதை எல்லாரும் தட்டின் நடுவுக்கு இழுத்துக்கொண்டார்கள். போகிற வழியில் நாகர்கோவிலில் வண்டியை நிறுத்திப் புரோட்டா சாப்பிட்டார்களாம்.

அதையும் பொறுத்திருப்பார்கள். லீலாபாய் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து, வழக்கப்படி மகள் வாயில் ஊட்டப் போனாள். கருப்பட்டிப் பாகு. நான் கையை நீட்டித் தடுத்தேன். தடுத்தேன் என்ன, அவள் விரலிலிருந்து பிடுங்கினேன். "எம் பிள்ளைக்கு எங் கையால ஒரு துண்டு குடுக்கக் கூடாதா மைனி?" என்று கேட்டாள். கூடாது என்றேன். பிரிஜா அழுதாள். அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

விருந்தாளிகளுக்குத் தனியாகச் சோறு பொங்கியிருக்க வேண்டும். அது என் பிழை. ஒப்புக்கொள்கிறேன். பிடுங்கியதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஏன் என்று எழுதாமல் இந்தக் கடிதம் முடியாது. போன தடவையும் ஏழு தாம்பாளம் வந்தது. அன்று இதே மேஜையில், போதும் மாமி என்று அவள் தட்டை மூட மூட, கையை விலக்கி மூன்றாவது கரண்டி பிரதமன் பாயசம் ஊற்றியது யார் என்று உனக்குத் தெரியும். எட்டாம் மாதம் பிள்ளை அசையவில்லை என்று அவள் வந்து சொன்னதும் என்னிடம்தான். சாப்பாட்டால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஏன் ஊற்றினீர்கள் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. லீலாபாயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அருமனையில் அவளை அன்பாகத்தான் பார்ப்பார்கள். அந்த அன்பை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து இரண்டு பஸ். மீட்டரைப் பார்த்து, இன்று இது வேண்டாம் என்று அவளிடம் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வராது.

வண்டி வர வேண்டும் எபிசன். ஆனால் பிரிஜாவை ஏற்றிக்கொண்டு போக அல்ல, லீலாபாயை இங்கே கொண்டுவந்து விட. பிரசவம் வரை அவள் இங்கே இருக்கட்டும். என் அறையைத் தருகிறேன். அடுக்களையையும் தருகிறேன், அந்தத் தாளில் உள்ளபடி சமைப்பதாக இருந்தால். முட்டை நூல் நறுக்க நானே காட்டிக்கொடுப்பேன். இதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு முந்திரிக்கொத்தும் வீணாகவில்லை, டின்னில் வைத்து மூடியிருக்கிறேன். பிள்ளை பிறந்து டாக்டர் சரி என்று சொல்கிற நாளில் லீலாபாய் புதிதாகச் செய்து மகளுக்கு ஊட்டட்டும். அன்று நான் அடுக்களைப் பக்கம் இருப்பேன். கூப்பிட்டால் வருவேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. மூவரையும் என்று எழுதத்தான் கை போகிறது. போன தடவை அவசரப்பட்டு எழுதினேன். இந்தத் தடவை பிப்ரவரியில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கிரேஸ் ரத்னபாய்