மாமியார் ஓடையும் ஒரு ஹார்டு டிஸ்க்கும்

5.1.2021
கம்ப்யூட்டருக்குள் பல்லி கத்துவது போல டிக்டிக் சத்தம். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் நாத்தனார் சுபஸ்ரீக்குப் போன் போட்டேன். ஹார்டு டிஸ்க் போகப்போகிறது அண்ணி, எல்லாவற்றையும் உடனே காப்பி எடுங்கள் என்றாள். மூன்று வருடமாக ஞாயிறுதோறும் கல்வராயன் மலைக்குப் போய், ஊருக்கும் ஓடைக்கும் பேர் வந்த கதைகளைப் பதிவு செய்ததெல்லாம் அதில்தான். என் முனைவர் பட்டமே அதில்தான்.

6.1
வீட்டுக்காரர் சர்க்கரை மில்லில் கரும்பு இறக்கிவிட்டு, கள்ளக்குறிச்சி போய் வெளி டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். தானே காப்பி எடுப்பதாகச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார். நான் காப்பித்தண்ணி போட்டு வருவதற்குள் முடிந்தது! நம் வீட்டுக் கம்ப்யூட்டரா இவ்வளவு வேகம்?

9.1
டிஸ்க் நின்றே போனது. போகட்டும், காப்பி இருக்கிறது.

12.1
பக்கத்து வீட்டு லேப்டாப்பில் காப்பியைப் போட்டோம். ஒன்றும் திறக்கவில்லை. திரையில் இருந்த ஷார்ட்கட்டுகளை, ஃபைலுக்கு வழிகாட்டும் வெறும் படங்களை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். வாசக்கதவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டு வீட்டையே கொண்டுவந்தேன் என்றால்? “பேரு இருந்திச்சே விஜி, அதத்தான இழுத்துப் போட்டேன்” என்கிறார். மூணு வருசம்! இன்னான்னு சொல்றது இவருகிட்ட? மலைக்கு எதுக்குப் போறேன்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

14.1
பொங்கல். அவரோடு பேச்சில்லை. கரும்பை நறுக்கி என் தட்டில் வைத்தார். தின்றேன்.

18.1
பழைய டிஸ்க்கைக் கடையில் ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம், அனுப்புங்கள் என்றாள் சுபஸ்ரீ. எப்படி அனுப்ப? இட ஒதுக்கீட்டுப் போராட்டம், சாலை மறியல், பஸ் இல்லை. அவர் டிஸ்க்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு வண்டியில் கிளம்பிவிட்டார். மறித்து உட்கார்ந்திருந்தவன் அவர் சித்தப்பா மகன் அறிவுச்செல்வன். அண்ணியின் படிப்பு விஷயம் என்றதும் எழுந்து வழிவிட்டானாம். “நாமளும் படிப்புக்குத்தான ஒக்காந்துகினு இருக்கறோம், போண்ணே.”

19.1
வந்துவிட்டது! டிஸ்க் சாகவில்லை. எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியின் பவர் சப்ளைதான் சரியாகக் கரண்ட் தராமல் அதைப் படுத்தியிருக்கிறது. கடையில் மாட்டியதும் ஓடிவிட்டது. எல்லாம் இருக்கிறதாம். அழுதுகொண்டே சிரித்தேன்.

23.1
பவர் சப்ளை மாற்றியாகிவிட்டது. சுபஸ்ரீ எடுத்துத் தந்த காப்பியைப் புது டிஸ்க்கில் ஏற்றினோம். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டால்தான் நம்புவேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் இருந்தேன், அவர் தனியாகச் சிரிக்கும் சத்தம். மலையில் எனக்குக் கதை சொல்லும் ஆண்டாள் சொன்ன மாமியார் ஓடைக் கதை. கதையில், ஓடையில் வழுக்கி விழுந்தது மாமியார் என்கிறாள் மருமகள், இல்லை மருமகள்தான் என்கிறாள் மாமியார். சாப்பாடு ஆறிப்போனதே தெரியாமல் கேட்டார்.

“இத்தினி நாளா இதெல்லாமா கேட்டுகினு வந்த? எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“நீங்க கேக்கலியே” என்றேன். வேறு கோபம் எதுவும் மிச்சமில்லை.

31.1
ஞாயிறு. மலைக்கு அவரும் வந்தார். ஆண்டாளிடம் ஓடையைக் காட்டச் சொல்லி, எந்தப் பாறை, எந்தப் பக்கம் விழுந்தாள் என்று குடைந்துவிட்டார். இன்றைய பதிவில் என் குரலைவிட அவர் குரல்தான் ஜாஸ்தி.