குருவிக்குப் போட்ட பூட்டு

என்னங்க,

துணி வாங்கக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேலே மூடி வெச்சிருக்கேன், சுட வெச்சு சாப்பிடுங்க.

நேத்து கத்தின கோபம் இன்னும் பாதி இருக்கு. எவனோ போன்ல தேனொழுகப் பேசினான்னு, நம்ம கடை வெப்சைட் பேரை வேற யாரும் மாத்திக்காம இருக்க ஆன்லைன்ல போட்டிருந்த பூட்டை எடுத்துட்டு, பேரை மாத்தறதுக்கான ரகசிய எண்ணையும் சொல்லிட்டீங்களே! அது போதும், பேரை வேற கம்பெனிக்கு மாத்தி அவனே வெச்சுக்குவான். கவுன் தைக்கக் கேக்கிறவங்க எல்லாம் அவன் வாசல்ல போய் நிப்பாங்க. நல்லவேளை, 'மாத்தலாமா'ன்னு மெயில் வந்ததும் நிறுத்திட்டேன். திரும்பப் பூட்டி, எண்ணையும் மாத்தியாச்சு.

இன்னைக்கும் கூப்பிடுவான். இல்லைன்னு சொல்ல உங்களுக்கு வாய் வராது. "வீட்டுக்காரியைக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு போனை வெச்சிடுங்க.

பி.கு.: எண்ணைச் சொன்னதுக்குக்கூடக் கோபமில்லை. "பேருதானே, போனா வேற வெச்சுக்கலாம்"னீங்க பாருங்க, அதுக்குத்தான். கடைக்கு வெச்ச குருவிங்கறது கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க என்னைக் கூப்பிட்ட பேருங்க.

இன்னொண்ணு: என் வீட்டுச் சாவியை வேணும்னே விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து தட்டுவேன். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே கதவைத் திறங்க. மீதிக் கோபமும் போயிடும்.