வழியில் திருப்பூர்

சென்னை,
5 ஜூலை 2024

என் கண்ணு லோகப்பிரியாவுக்கு,

அம்மா எழுதறேன். போன ஞாயித்துக்கிழமை வார்டன் அம்மா போன்ல "ம்", "சரிங்கம்மா" தவிர நீ ஒண்ணும் பேசல. சுத்தி எல்லாரும் நின்னா எப்படிப் பேசறது? அதான் எழுதறேன். நீயும் எழுது.

தம்பி ரூபனுக்கு மருந்து ஏத்தினதும் ரெண்டு நாள் வாந்தி. கண்ணுக்குள்ள இருக்கற கட்டி சுருங்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. கண்ணாடியப் பார்த்து, தாத்தா ஆயிட்டேன்னு சிரிக்கறான்.

இந்தக் கட்டிக்குக் கோயமுத்தூர் டாக்டருங்க சென்னைக்கு அனுப்பாம இருந்திருந்தா உன்னைத் திருப்பூர் ஹாஸ்டல்ல விட்டிருக்கவே மாட்டேன். மாசம் தவறாம கிணத்துக்கடவுல பஸ் ஏறி, கோயமுத்தூர்ல ரயிலேறி, இங்க வந்து நாள்கணக்கா கெடக்கறோம். அப்பா லாரியோட வடக்கே. உன்னை ஊட்டுல தனியா எப்படி விடறது அம்மணி?

வியாழக்கிழமை பகல் ரயில்ல திரும்பறோம். திருப்பூர்ல கொஞ்ச நேரந்தான் நிக்கும், இறங்க முடியாது. வார்டன் அம்மா உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வர்றேன்னாங்க. ஜன்னலோரமா ஒக்காந்திருப்பேன். மொகத்தையாவது பார்த்துக்கலாம்.

உன் அம்மா,
பொற்கொடி

கிணத்துக்கடவு,
12 ஜூலை 2024

லோகா கண்ணுக்கு,

எப்படி எழுதறதுன்னே தெரியல. ஈரோடு வரைக்கும் முழிச்சுத்தான் இருந்தேன். கண்ணைத் தொறந்தா, திருப்பூர் தாண்டி சிங்காநல்லூர். ஆஸ்பத்திரியில தூங்காத தூக்கமெல்லாம் சேர்ந்து அமுக்கிப் போட்டுது.

நீ வந்தயா கண்ணு? வந்து ஒவ்வொரு ஜன்னலா தேடினயா? வராம இருந்திருந்தா நல்லதுன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. ஒரு வரி எழுது.

அம்மா

திருப்பூர்,
16 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் வந்தேனுங்கம்மா. வார்டன் நாச்சியம்மாள் மேடம் கூட்டிட்டு வந்தாங்க. ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சு நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க.

தம்பி முழிச்சுத்தான் இருந்தான். நான் கூப்பிடப் போனதும், வாயில விரலை வெச்சு, "அம்மா தூங்குதுக்கா"ன்னான். அதனால கூப்பிடலீங்க. கம்பி வழியா கையை நீட்டி என் விரலைப் பிடிச்சுக்கிட்டான். ரயில் நகர்ந்தும் விடல. நானும் கூடவே நடந்தேன். மேடம் சத்தம் போட்டதும் விட்டுட்டேன்.

ஹாஸ்டல்ல, அம்மா என்ன பேசினாங்கன்னு கேட்டாங்க. நல்லா படிக்கச் சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்.

நீங்க எனக்காக சிரமப்பட வேண்டாங்கம்மா. தம்பியைப் பார்த்துக்குங்க. எனக்குப் பழகிருச்சு.

இப்படிக்கு,
லோகப்பிரியா

கிணத்துக்கடவு,
20 ஜூலை 2024

என் லோகா கண்ணுக்கு,

உன் கடுதாசி வந்ததுல இருந்து சோறு எறங்கல. தம்பிகிட்ட, ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். "நீ அழுவேன்னு சொல்லல. அக்காவும் அழுதுச்சு"ன்னான். நீ அழுததை மட்டும் எழுதாம விட்டுட்டயே அம்மணி.

அடுத்த தடவை சென்னைக்குக் கெளம்பறப்ப, முந்தின நாளே பஸ்ல திருப்பூர் வந்துடறோம். ஒரு ராத்திரி உன்கூடத் தங்கிக்கலாம்னு நாச்சியம்மாள் மேடம் சொல்லிட்டாங்க. மறுநாள் அங்கயே ரயிலேறிக்கறோம். தம்பிக்கு அலைச்சலாகும்னு நீ சொல்லுவே. டாக்டரம்மாகிட்ட போன் போட்டுக் கேட்டுட்டேன், கூட்டத்துல விடாம கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க.

எல்லாத் தடவையும் இப்படி வர முடியுமான்னு தெரியல. பொய் சொல்ல மாட்டேன். இன்னும் எத்தனை மாசம் இப்படி அலையணுமோ, அதுவும் தெரியல. வர முடியாதப்ப கோவிச்சுக்கோ. போன்ல சண்டை போடு. யாரு சுத்தி நின்னாலும் சத்தமா அழு.

பழகிக்க மட்டும் செய்யாதே கண்ணு.

அம்மா