தென்கரைக்கு வந்துவிட்ட வளையக்கால் உண்ணி

அனுப்புநர்
பால்காரம்மா,
பாலத்தடி மாட்டுத் தொழுவம்,
ஆற்றின் தென்கரை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கால்நடைத் துறை.

பொருள்: வடகரையில் மட்டுமே உண்டு என்று தங்கள் துறை எழுதிவைத்த வளையக்கால் உண்ணி, தென்கரையில் என் பசுவின் மடியில் குடியேறியது – ஊசி மருந்து கேட்டல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் அதிகம் படித்தவள் இல்லை. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.

1. என் பசுவைச் சீமாட்டி என்று கூப்பிடுவோம். வாசலில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் முட்டித் தள்ளுவாள். இப்போது எட்டு மாதச் சினை. கன்றுக்குத் தகப்பன், வடகரையில் இருக்கும் தங்கள் துறைப் பண்ணைக் காளை. வேனில் மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கியது. பரிவாரத்தோடு வந்தது பிறகுதான் தெரிந்தது. அது உதிர்த்துவிட்டுப் போன உண்ணிகள் என் தொழுவத்தில் முட்டையிட்டுப் பெருகிவிட்டன.

2. முதலில் சாதாரண மாட்டு உண்ணி என்று பொடி கொடுத்தார்கள். தூவினேன். உண்ணிகள் பவுடர் பூசிக்கொண்டு மினுக்கின. பிறகு எங்கள் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் தம்பி ஒன்றைப் பிடுங்கி லென்ஸில் பார்த்தார். முதுகில் கெட்டி ஓடு, கால்களில் வெள்ளை வளையம். "அக்கா, இது வளையக்கால் உண்ணியேதான். ஆனா எந்த உண்ணி எங்க இருக்குன்னு துறை போட்ட வரைபடத்துல இது ஆத்தோட நின்னுடுதே" என்றார். "படத்தை நீங்க பார்த்தீங்க தம்பி, உண்ணி பார்க்கலையே" என்றேன். படத்தில் இல்லாத கரைக்கு இந்த உண்ணிக்கான ஊசி மருந்து வராதாம். அவர் எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

3. சரியென்று சீமாட்டியைப் பாலம் தாண்டி வடகரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனேன். கண்ணாடி அலமாரி நிறைய அதே மருந்து. உண்ணி வடகரை உண்ணிதான் என்று அங்கிருந்த கம்பவுண்டர் ஒத்துக்கொண்டார். அப்புறம் சீமாட்டியின் காதில் துறை மாட்டிய எண் தோட்டைத் திருப்பிப் பார்த்து, "மாடு தென்கரை மாடாச்சேம்மா" என்று அலமாரியைச் சாத்திவிட்டார். நோய் உள்ளூர், நோயாளி வெளியூராம்.

4. கேலி போகட்டும் ஐயா. சீமாட்டிக்கு ரத்தம் குறைந்து ஈறு வெளுத்துவிட்டது. நேற்றிலிருந்து தீவனத்தை மோந்து பார்ப்பதோடு சரி. இப்படியே விட்டால் தாயும் தாங்காது, வயிற்றில் இருப்பதும் தாங்காது என்கிறார் டாக்டர் தம்பி. மருந்து கையில் கிடைத்தால் இன்றே போடத் தயாராக இருக்கிறார்.

ஆகவே, வடகரை அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக்கொள்ள ஒரு வரி உத்தரவு போட்டு உதவ வேண்டுகிறேன். படத்தை நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். கன்றுக்கு அப்பன் வடகரை, அம்மா தென்கரை. அதன் காதில் எந்தக் கரைத் தோடு மாட்டுவது என்று பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்வோம். முதலில் அது உயிரோடு பிறக்கட்டும், ஐயா.

நாள்: செவ்வாய்க்கிழமை, காலைக் கறவை முடிந்ததும்
இடம்: தென்கரை

தங்கள் உத்தரவுக்காகத் தொழுவ வாசலில் நிற்கும்,
பால்காரம்மா