ஏழாவது ஆளாக நின்ற மச்சானுக்கு

என் உயிர் மச்சான் வெங்கடேசு,

வெளிநாட்டுப் போட்டிக்கு மறுபடி ஆள் எடுத்துவிட்டார்கள். என் பெயரும் இருக்கிறது. மழைக்காலக் காய்ச்சலில் நீ போனபிறகு எனக்கு வந்த முதல் நல்ல செய்தி. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் ஆடும் கால்பந்து நம்முடையது. அணிக்கு ஏழு பேர். எனக்கு வலது கையும் காலும்தான் இழுக்கும். உனக்கோ இரண்டு கால்களும். உன்னைப்போல் அதிகம் பாதிக்கப்பட்ட ஒருவராவது எப்போதும் களத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அணி ஆறு பேரோடுதான் ஆடவேண்டும்.

வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிகள் வந்தபோது குடிபாலாவிலிருந்து ஒன்றாகத்தான் வேலைக்குப் போனோம். ஞாயிறு வந்தால் திருப்பதி மைதானம். ஆட்டம் பார்க்க வந்த என் தங்கை தேவியிடம் உன் மனம் போனது. வீட்டில் தயங்கினார்கள். அவளோ, “அவரோட பேசிக்கினு இருந்தா நேரமே தெரியல நைனா” என்றாள். அதற்குமேல் நைனா என்ன சொல்ல முடியும்? கல்யாணத்தை முடித்துவைத்தார்.

போனமுறை நாம் சேர்ந்து போன வெளிநாட்டுப் போட்டியில், அந்த ஆட்டத்தில் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நீ கோல்கீப்பர். பந்தைப் பிடித்தபோது எதிராளியின் முழங்கால் உன் விலாவில் இடித்தது. மூச்சு வராமல் புரண்டாய். உனக்கு மாற்றாக இறங்க ஆள் கிடையாது. ஆனாலும் கோச், “வெங்கடேசு, பயட்டிக்கி ரா!” என்று தெலுங்கில் வெளியே கூப்பிட்டார். நீ என் தோளைப் பிடித்து எழுந்தாய்.

“வலிக்குதாடா?”

“வலிக்குதுதான். நான் போய்ட்டா நீங்க ஆறு பேரா ஓடிக்கினு இன்னா பண்ணுவீங்க? போடா, உன் எடத்துல நில்லு.”

கடைசியில் தனியாக ஒருவன் பந்தோடு வந்தான். பக்கவாட்டில் பாய உனக்குக் கால் வராது. அதனால் அவன் உதைக்குமுன்பே முன்னேறி வந்து மறித்தாய். பந்து உன் நெஞ்சில் மோதி வெளியே போனது. அது நம் முதல் வெற்றி. நாங்கள் குதித்தோம், நீ கம்பத்தில் சாய்ந்து சிரித்தாய். சிரிக்கவும் வலித்திருக்குமே, மச்சான்?

இப்போது சூளூர்பேட்டைக்காரர் ஒருவர் கோலில் நிற்கிறார். புதியவர், பந்தைக் கண்டாலே கண்ணை மூடுகிறார். அவருக்கு ஞாயிறுதோறும் பந்து வீசிப் பழக்குவது யார் தெரியுமா? தேவி. யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். அணியோடு வெளிநாட்டுக்கு உதவிக்கு வருகிறாயா என்று கோச் கேட்டார்.

“வரேன் சார். ஆனா அங்க வந்து யாரும் என்னப் பார்த்து அய்யோ பாவம்னு நிக்கக்கூடாது” என்றாள்.

அவளைப் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். விமானத்தில் ஜன்னலோர இருக்கை அவளுக்குத்தான். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தேவியின் அண்ணன்,
உன் மச்சான் குமார்