உங்கள் ட்ரக்டரை நான் ஓட்டிய காலை

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் கையில் பெற்றோல் மணம் போகவில்லை. முன்பெல்லாம் இந்த மணத்தோடு நீங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் நான் மூக்கைச் சுளிப்பேன். இன்று என் கையே மணக்கிறது. இஞ்சாருங்கோ, இன்று காலை உங்கள் ட்ரக்டரை நான் ஓட்டினேன்.

நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து இல்-பிசாரில் இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அது உங்கள் தனி இராச்சியம். கோடையில் புல் வெட்டுவீர்கள். மாரியில் முன்னுக்குத் தகட்டைப் பூட்டிப் பனி தள்ளுவீர்கள். நான் கிட்ட வந்தால் "உமக்கு உது சரிவராது, உள்ளுக்கை நில்லும்" என்பீர்கள். நானும் நின்றேன். ஆனால் குசினி யன்னலால் பார்த்துப் பார்த்து உங்கள் பிழைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். முதல் பனியைத் தூரத் தள்ளாமல் சோம்பலில் ஓரத்தோடு விட்டுவிடுவீர்கள். அது இறுகி, மாசி மாதம் வர எங்கள் பாதை ஒரு கார் போக மட்டுமட்டாகச் சுருங்கிவிடும். தெருப் பனி தள்ளும் நகரசபை மெஷின் வர முன்னமே வாசலைத் துப்புரவாக்கிவிடுவீர்கள். பிறகு அது வந்து தெருப் பனியை எங்கள் வாசலில் வரம்பு கட்டிவிட்டுப் போகும். நீங்கள் அதன் பின்னால் கையை நீட்டிக் கத்துவீர்கள். அந்தச் சாரதிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

நீங்கள் போன பிறகு இது முதல் மாரி. "தனிய இந்தப் பனிக்குள்ளை என்னெண்டம்மா இருப்பியள்? வித்துப்போட்டு எங்களோடை வாங்கோ" என்று மகன் ஒரே பிடியாக நிற்கிறான். வீடு விற்கும் ஒரு பெண்ணை இன்று பத்து மணிக்குக் கூட்டி வருவதாக நேற்றுச் சொன்னான். விடிய எழும்பிப் பார்த்தால் கணுக்கால் புதையப் பனி. அவர்களின் கார்கள் உள்ளே வர வழியில்லாமல் தெருவில் நின்றால் நான் தோற்றேன். பிறகு என்ன சொல்லியும் எடுபடாது.

நகரசபை மெஷின் போகும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன். பிறகு கொட்டிலுக்குள் போய்ச் சாவியைத் திருப்ப இயந்திரம் உடனே பிடித்தது. பெடலை மிதிக்க நின்றுவிட்டது. மூன்று தரமும் அதே கதை. நேரம் ஒன்பதே கால். பழுதாக்கிவிட்டேனோ?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் பின்னால் பார்க்க எழும்பும் போதெல்லாம் அது இப்படித்தான் நிற்கும். "நான் விழுந்திட்டன் எண்டு நினைக்குது, விசர்ச் சாமான்" என்று சிரிப்பீர்கள். சீட்டில் பாரம் இல்லாவிட்டால் அது ஓடாது. நானோ பெடலை எட்டுவதற்காக நுனியில் தொங்கிக்கொண்டிருந்தேன். சீட் உங்கள் கால் நீளத்துக்கு விட்டபடியே இருந்தது. அதை அசைக்க எனக்கு மனம் வரவில்லை, அதுதான் உண்மை. உங்கள் உடுப்புகளைக் கொடுத்தேன், மருந்துகளை எறிந்தேன். இதில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று ஒரு பிடிவாதம். உங்கள் இடமும் மாறக்கூடாது, என் காலும் எட்டவேண்டும் என்றால் எப்படி?

கீழே இருந்த பிடியை இழுத்தேன். சீட் கடகடவென்று மூன்று பல் முன்னுக்கு வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு வாய்விட்டு அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு ஏறி இருந்தேன்.

ஓடியது. பனியைப் புல்வெளியின் எல்லைவரை கொண்டுபோய்த் தள்ளினேன். வாசலில் கிடந்த வரம்பை நீங்கள் ஒரேயடியாக மோதி, சில்லுச் சுழன்று நிற்பீர்கள். நான் தொதல் இனிப்பு வெட்டுவதுபோல ஓரம் ஓரமாக அரிந்தெடுத்தேன். இடையில் ஒரு தரம் தபால்பெட்டிக் கம்பத்தில் தகடு உரசியது. இதை மகனுக்குச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மகனின் காரும் அந்தப் பெண்ணின் காரும் அருகருகே உள்ளே வந்து நின்றன. அந்தப் பெண் "பொன்ஷூர்" சொல்லிவிட்டு, பாதையைப் பார்த்து மகனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"எந்தக் கொம்பனி தள்ளினதெண்டு கேக்கிறா, அம்மா."

"நான்தான் எண்டு சொல்லு."

அவன் ட்ரக்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்பாவுக்காகத்தானே இங்கை இருக்கப் பாக்கிறியள்?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"இல்லையடா. எனக்கு இந்த வீடு பிடிக்கும். இந்த மாரியை நான் இருந்து பாக்கிறன். ஏலாதெண்டால் நானே உனக்குச் சொல்லுவன்."

அந்தப் பெண்ணுக்குக் கோப்பி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டான். போகும்போது என் கையைப் பிடித்து, "பாத்து ஓடுங்கோ" என்றான். அவ்வளவு போதும் எனக்கு.

உங்களுக்காக இல்லை என்று சொல்லிவிட்டேனே, கோபிக்காதையுங்கோ. உங்களை நினைக்காத நேரம் இல்லை. ஆனாலும் வீடு எனக்குப் பிடித்ததும் உண்மை. அதை நீங்கள் இருந்தபோது வாய்திறந்து சொன்னதில்லை. நாளைக்கும் கொட்டுமாம். ட்ரக்டர் சாவியைக் கொட்டில் ஆணியில் திரும்பக் கொழுவவில்லை. வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கோர்த்து என் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.