முதலில் கை, அப்புறம் முகம்

இன்று காலை சுபுஹு தொழுததும் முதல் வேலையாக, கேமராப் பையிலிருந்த உன் சாம்பல் அட்டையை, அந்தக் கிரே கார்டை, ஈரத்துணியால் துடைத்தேன். ஓரத்தில் ஒட்டிய மருதாணிக் கறை இன்றும் போகவில்லை. எந்த மணப்பெண்ணின் விரலிலிருந்து ஒட்டியதோ. மூக்கருகே கொண்டுபோனால் மருதாணி வாசம் இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. நீ இருந்திருந்தால், "கார்டக் குளிப்பாட்டி முடிச்சாச்சா லாத்தா?" என்று கேட்டிருப்பாய்.

போலகம் கிராமத்துப் பெண் நீ. எங்கள் தெருப் பிள்ளைகள் அக்காவைக் கூப்பிடுவது போல என்னை லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தது, நாம் படம் எடுக்கப் போன முதல் கல்யாணத்தில்தான். பெண்கள் பக்கத்தில் ஆண்கள் படம் எடுக்கக் கூடாது, கம்ப்யூட்டரில் திருத்துவதும் பெண்களாகவே இருக்க வேண்டும் என்று சொல்லி நம்மைக் கூப்பிட்டார்கள். நமக்கு எடுக்கத் தெரிந்த அளவுக்குத் திருத்தத் தெரியாது. ஒவ்வொரு படத்தையும் அந்த நேரத்தில் மனதில் பட்டபடி மாற்றினோம். ஆல்பத்தைப் புரட்டிய மணப்பெண்ணின் உம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, மேடையில ஊதாவா இருக்கா. ரூம்ல மஞ்சக்காமாலை வந்தவளாட்டம் இருக்கா. பந்தியில பச்சையா இருக்கா. நான் கட்டிக்குடுத்தது ஒரு மகளத்தானே?"

கூடியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தாய். பஸ்ஸில் திரும்பும்போது மட்டும் அந்தப் படங்களைப் போனில் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாய்.

அதற்குப் பிறகுதான் நம் வேலைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. படங்களை இரண்டு இடத்தில் ஏற்றி வைக்கும்வரை டீ கிடையாது. கண் மூடியதையும் மங்கியதையும் கழித்த பிறகே நிறத்தைத் தொடுவோம். மேடை, அறை, பந்தி என்று வெளிச்சத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு படத்தைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தையே மற்றப் படங்களுக்கும் கொடுப்போம். அதற்காகத்தான் இந்தச் சாம்பல் நிற அட்டை. வெளிச்சம் மாறுகிற இடத்திலெல்லாம் இதைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நீ நிற்பாய், நான் ஒரு படம் எடுப்பேன். அட்டை சாம்பலாகத் தெரியும்வரை திருத்தினால் போதும், மீதி நிறங்கள் தாமாக வழிக்கு வந்துவிடும்.

"அட்டைய மட்டும் பாக்காதீங்க, என்னையும் பாருங்க" என்பாய். "எந்த லைட்டுலயாவது நான் செவப்பா தெரிஞ்சா அந்த லைட்டுல கோளாறு."

நான் அவசரப்பட்டு மணப்பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கினால் பின்னாலிருந்து உன் குரல் வரும். "மொகத்த விடுங்க லாத்தா, கையப் பாருங்க. மொகத்துக்குப் பவுடர் போடுவாங்க. கைக்கு யாரு போடுறா?" செவப்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களோடு நீ சண்டை போட்டதில்லை. பவுடர் தருகிற வெளுப்பை மட்டும் விட்டுவைத்து, மற்றபடி முகத்தைக் கையின் நிறத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவாய். யாரும் குறை சொன்னதில்லை.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் உனக்கு முதல் வருஷத் திதி.

அதற்குப் படம் வேண்டுமென்று உன் அம்மா வந்திருந்தார். எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவளுக்கு ஏது படம்? ஆதார் கார்டில் இருப்பது யாரோ. கடைசியாக நாம் சேர்ந்து போன கல்யாணத்தில், மண்டப வாசலில் அட்டையோடு நீ நின்ற படத்தைத் திறந்தேன். எதற்கோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய். அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா, பள்ளிக்கூடத்துப் புள்ள சிலேட்டு புடிச்ச மாதிரி? அத எடுத்துடு. மொகம் மட்டும் போதும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் செவப்பா பண்ணிடும்மா" என்றார். "பொண்ணு பாக்க வந்தவனெல்லாம் கலரச் சொல்லித்தான் போனான். எம்மவ படத்துலயாச்சும் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதபடி இருக்கட்டும்."

அவர் கேட்டது நிறத்தை இல்லை. ஒவ்வொரு முறையும் பெண் பார்க்க வந்தவர்கள் போனதும் காபி டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்திருப்பாரே, அதற்கு ஒரு பதிலைக் கேட்டார். சரிம்மா என்றேன்.

இன்று கார்டைத் துடைத்து வைத்துவிட்டு அந்தப் படத்தோடு உட்கார்ந்தேன். அட்டையும் கையும் போக முகத்தை மட்டும் வெட்டினேன், வெளுப்பாக்கினேன். அழகாகத்தான் இருந்தாள். உனக்கு ஒரு சித்தி மகள் இருந்தால் அப்படி இருந்திருப்பாள். சிரிப்பு அப்படியே இருந்தும் அது உன்னுடையதாக இல்லை. செய்ததையெல்லாம் நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். முதலில் அட்டை. பிறகு, நகக்கண் தெரிய அட்டையைப் பற்றியிருக்கும் உன் கை. அதற்கப்புறம் முகத்தில் செய்ய எதுவும் மிச்சமில்லை.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கையை வெட்டப் போவதில்லை, முகத்தை வெளுப்பாக்கப் போவதும் இல்லை. பிரேம் போட்டு நானே போலகத்துக்கு எடுத்துப் போகிறேன். பார்த்ததும் அவர் அழுவார், கோபித்தாலும் கோபிப்பார். பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மாலை போட்டால் அட்டை மறைந்துவிடும். கை தெரிகிற மாதிரி நானே மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுவேன்.